என் நோட்ஸில் நேரம் இருந்தது, அக்காவின் நோட்ஸில் காரணம் இருந்தது

விசாரணை நடந்த அன்று எங்கள் இரண்டு பேருடைய பதிவுகளையும் அச்செடுத்து மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்திருந்தார்கள். என்னுடையது நான்கு வரி. அக்காவுடையது ஒன்றரைப் பக்கம். ஒரே நோயாளி, ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே அறையில் நாங்கள் இருவரும் அவருடன் உட்கார்ந்து பேசியதைப் பற்றித்தான் இரண்டுமே.

நான் இங்கிலாந்தில் மனநலப் பிரிவு நர்ஸாக 14 வருடமாக வேலை பார்க்கிறேன். அக்கா என்று சொல்வது எங்களோடு வேலை செய்த சமூகப் பணியாளரை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு என் கவுன்சில் (தொழிலில் நம்மைப் பதிவு செய்து விதிகளை வகுக்கும் அமைப்பு), அவருக்கு அவருடைய கவுன்சில் என்ற அளவில்தான் அதுவரை எனக்கு இந்த விஷயம் தெரியும். இரண்டு தொழிலுக்கும் விதிகள் வெவ்வேறு, அந்த வித்தியாசம் நாம் எழுதும் ஒவ்வொரு வரியிலும் தெரியும் என்பது அந்த மேசையில்தான் புரிந்தது. நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தொழிலின் விதியும் ஒன்றுதான்.

அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. மனச்சோர்வுக்காக எங்கள் வார்டில் ஏழு வாரம் இருந்தார், லேசான மறதியும் உண்டு. வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. உடம்பு தேறியதும் வீட்டுக்குப் போகிறேன் என்றார். மகள் வேண்டாம் என்றார். மென்டல் கெபாசிட்டி சட்டம் 2005 இதில் தெளிவாக இருக்கிறது: ஒருவர் எடுக்கும் முடிவு நமக்கு அறிவில்லாத முடிவாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, மனதில் வைத்துக்கொள்கிறாரா, நல்லது கெட்டதை எடைபோட்டுப் பார்க்கிறாரா, முடிவை வெளிப்படுத்துகிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்தோம். திறன் இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை இரவு விழுந்தார், திங்கட்கிழமை காலை உதவியாளர் வரும்வரை தரையிலேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மகள் எங்கள் இருவர் மீதும் புகார் கொடுத்தார். அவர் கோபத்தில் எனக்கு இன்றைக்கும் குறையேதும் தெரியவில்லை.

நான் எழுதியிருந்தது இதுதான்: "14.10. நோயாளி நிலையாக உள்ளார். வீடு திரும்ப விருப்பம் தெரிவித்தார், அபாயங்கள் விளக்கப்பட்டன. குடும்பத்தினருடன் பேசப்பட்டது. திட்டப்படி டிஸ்சார்ஜ்." கையெழுத்து, பதவி, தேதி எல்லாம் சரியாக இருந்தது.

அக்கா எழுதியிருந்ததில் அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார் என்பது அவருடைய வார்த்தையிலேயே இருந்தது. "என் சாவியைக் கையில் கொடுங்கள், விழுந்தால் அது என் வீட்டுத் தரை" என்று அவர் சொன்னது இருந்தது. கழுத்தில் மாட்டும் அலாரம் வேண்டாம் என்றது, இரண்டு வாரம் ஒரு காப்பகத்தில் தங்கிப் பார்க்கலாமே என்றதற்கு மறுத்தது, மறுத்த காரணம், இத்தனைக்கும் பிறகு அக்கா ஏன் அவர் பக்கம் நின்றார் என்பது வரை எல்லாம் இருந்தது. ஆனால் பதிவு கணினியில் ஏறிய நாள் செவ்வாய்க்கிழமை. அதாவது அவர் விழுந்த பிறகு.

விசாரித்தவர் என்னிடம் கேட்டது: "அபாயங்கள் விளக்கப்பட்டன என்றால் எந்த அபாயங்கள்?" அக்காவிடம் கேட்டது: "நடந்தது தெரிந்த பிறகு எழுதிய காரணத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வது?" இரண்டு கேள்வியும் நியாயமானவை.

அன்று மாலை அக்கா சொன்னார், "செய்ததெல்லாம் எழுதியிருக்கிறீங்கள் தம்பி. ஏன் செய்தனீங்கள் எண்டு ஒரு வரியும் இல்லையே." நான் சொன்னேன், "நீங்க காரணம் எல்லாம் எழுதியிருக்கீங்க அக்கா, ஆனா செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கீங்களே." அவர் வெள்ளிக்கிழமையே தன் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்திருந்தார், டைப் செய்யத்தான் நேரம் கிடைக்கவில்லை. தேதி போட்ட அந்தப் பக்கங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேருடைய தொழில் விதிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நர்ஸ்களுக்கு என்.எம்.சி., அதாவது நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். அதன் கோட் என்கிற விதித்தொகுப்பில் 25 கூற்றுகள் உண்டு, பத்தாவது பதிவுகளைப் பற்றியது. நடந்த உடனே அல்லது கூடிய சீக்கிரம் எழுத வேண்டும், தாமதமாக எழுதினால் தாமதமாக எழுதியதாகவே குறிப்பிட வேண்டும், தேதியும் நேரமும் போட வேண்டும், ஊகங்களைச் சேர்க்கக் கூடாது. அபாயத்தையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும் எழுது என்றும் இருக்கிறது. நான் அந்த வரியைப் பல வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், "விளக்கப்பட்டன" என்று எழுதினால் போதும் என்ற நினைப்பில். அக்காவின் பக்கம் சோஷியல் வொர்க் இங்கிலாந்து. அதன் தொழில் தரங்களில் மூன்றாவது தரத்தின் கீழ் 3.11 என்று ஒன்று: தெளிவான, துல்லியமான, நடப்புக்கேற்ற பதிவுகளை வைத்திருப்பேன், என் முடிவுகளுக்கு எப்படி வந்தேன் என்பதைப் பதிவு செய்வேன். எப்படி வந்தேன் என்பது அங்கே விதியாகவே இருக்கிறது. எனக்குப் படிக்கும் காலத்திலிருந்து ஊறிப்போனது நேரம், அக்காவுக்கு ஊறிப்போனது காரணம். எங்கள் இருவரின் நோட்ஸும் எங்கள் பழக்கத்தை அச்சு அசலாகக் காட்டிக்கொடுத்துவிட்டன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நர்ஸ்களின் கோட் நம்மைப் பார்த்துப் பேசும், "நீங்கள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும்" என்று. சமூகப் பணியாளரின் தரங்கள் "ஒரு சமூகப் பணியாளராக நான் இதைச் செய்வேன்" என்று தன் வாயாலேயே பேசும். சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒன்றைக் கட்டளையாகக் கேட்டு வளர்வதற்கும், வாக்குறுதியாகச் சொல்லிச் சொல்லி வளர்வதற்கும் வித்தியாசம் உண்டு, அதை அக்காவிடம் தினமும் பார்த்திருக்கிறேன். தனக்கு இருக்கும் அதிகாரத்தை உணர்ந்து பொறுப்போடு பயன்படுத்துவேன், என் தலையீடு தேவையானதாகவும் இயன்றவரை குறுக்கீடு இல்லாததாகவும் இருக்கும் என்று 1.7இல் வருகிறது. ஒரு குடும்பத்திலிருந்து குழந்தையைப் பிரிக்கும் வழக்கில் நிற்கக்கூடிய ஒருவருக்கு அதிகாரம் என்ற சொல்லை நேராகவே முன்னால் வைத்திருக்கிறார்கள். வார்டுக் கதவின் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. எனக்கும் அந்த வரி தேவை.

புகார் வந்த இரவு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வார்டில் யாரும் இல்லை, அவருடைய பதிவு திரையில் திறந்திருந்தது. எந்தெந்த அபாயங்களைச் சொன்னேன் என்பது எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. படிக்கட்டு, இரவில் எழுவது, புதிய மாத்திரையால் வரக்கூடிய தலைசுற்றல். அந்த மூன்றையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் என்ன என்று கை நீண்டது. சேர்க்கவில்லை. கணினிப் பதிவில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது முழுக்கத் தெரியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு கவுன்சில்களுமே தவறையும் பொய்யையும் வேறு வேறு தராசில் வைக்கின்றன. வேலையில் வந்த தவறு என்றால் புரிந்துகொண்டாயா, அதற்குப் பிறகு என்ன கற்றாய், மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்தாய் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல முடியும். நேர்மையின்மை என்று வந்துவிட்டால் அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் மருந்தாகாது. நினைவில் இருப்பதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இன்றைய தேதியும் நேரமும் போட்டு, "தாமதமாக எழுதப்பட்டது" என்று தலைப்பிட்டு, பழைய வரியைத் தொடாமல் கீழே தனியாக எழுதுங்கள். அதையும் புகார் வந்த பிறகு செய்கிறீர்கள் என்றால் முதலில் மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நான் செய்த தவறு வேறு. தொழிற்சங்கத்துக்குப் போன் செய்யாமல் முதல் வாக்குமூலத்தை நானே எழுதி அனுப்பிவிட்டேன். அதில் தற்காப்பு அதிகம், தகவல் குறைவு. அக்கா அன்றைக்கே தன் சங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம், புகாரைப் பற்றி டீ இடைவேளையில் நாலு பேரிடம் புலம்பினேன், அதையும் செய்யக் கூடாது. அவர்களில் யாராவது சாட்சியாக வர வேண்டியிருக்கலாம்.

பதினொரு வாரம் தூக்கமில்லை. கவுன்சிலுக்கு அனுப்பப் போகிறார்களா என்பது ஒன்றே மனதில் ஓடியது. அங்கே போனால் என்ன ஆகும் என்பதையும் படித்தேன். குற்றச்சாட்டு நிரூபணமாக வேண்டிய அளவு இரண்டிலும் ஒன்றுதான், குற்றவியல் நீதிமன்றத்தில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்பதல்ல, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். பெயர் நீக்கம் வரை இரண்டிலும் உண்டு, நீக்கப்பட்டவர் ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பக் கேட்க முடியும். இடைநிறுத்தம் என்றால் நர்ஸுக்கு ஒரு முறைக்கு 1 வருடம் வரை, இங்கிலாந்தில் சமூகப் பணியாளருக்கு 3 வருடம் வரை. சமூகப் பணியில் விசாரணை முடிந்த நிலையிலேயே, நடந்ததை ஒப்புக்கொள்கிறவருடன் விசாரணைக் கூடத்துக்குப் போகாமல் முடித்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. இரண்டு அமைப்புக்கும் மேலே புரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற ஒன்று கண்காணிக்கிறது, தண்டனை போதாது என்று பட்டால் அது நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம்.

எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. முடிவு நியாயமானதுதான், பதிவுகளில் குறை இருக்கிறது என்று எங்கள் இடத்திலேயே முடித்தார்கள்.

பதிவுகளைத் தாண்டியும் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது சூப்பர்விஷன். மாதம் ஒருமுறை மேலாளரோடு ஒரு மணி நேரம் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேஸாகப் பேசுவார். எந்த முடிவு மனதை உறுத்துகிறது என்றுகூடப் பேசுவார்கள். நான் வேலை பார்த்த வார்டுகளில் சூப்பர்விஷன் என்பது ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் ரத்தாகிற விஷயம். இப்போது நானே கேட்டு வாங்குகிறேன், ரத்தானால் அதையும் தேதியோடு குறித்துவைக்கிறேன்.

கவுன்சிலில் நம் பெயர்ப் பதிவைப் புதுப்பிப்பதிலும் இரண்டுக்கும் நடை வேறு. நர்ஸ் பதிவுக் கட்டணத்தை ஆண்டுதோறும் கட்டினாலும், ரீவேலிடேஷன் என்கிற பெரிய வேலை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 2016 ஏப்ரலில் வந்த ஏற்பாடு இது. 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு (அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து), ஐந்து பின்னூட்டம், ஐந்து சிந்தனைக் குறிப்பு, இன்னொரு நர்ஸுடன் அதைப் பற்றி ஒரு பேச்சு. மூன்று வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டுக் கடைசி மாதத்தில் ஐந்தையும் எழுதியவர்களில் நானும் ஒருவன், அப்படி எழுதியதில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அக்காவுக்கு வருடாவருடம். செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30க்குள் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் இரண்டு கற்றல் பதிவாவது போட்டிருக்க வேண்டும், அதில் ஒன்றாவது சக பணியாளர் ஒருவரோடு பேசிச் சிந்தித்ததாக இருக்க வேண்டும். என் யோசனை இதுதான்: நர்ஸாக இருந்தாலும் சமூகப் பணியாளர் மாதிரி வருடத்துக்கு இரண்டு எழுதிவிடுங்கள். மனதை ஏதாவது குடைந்த அந்த வாரமே எழுதுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அதில் வரவே கூடாது. அப்புறம், வீடு மாறினால், ஈமெயில் மாறினால் கவுன்சிலின் தளத்தில் அன்றைக்கே மாற்றுங்கள். நினைவூட்டல் பழைய முகவரிக்குப் போய் பதிவு காலாவதியானவர்களை எனக்குத் தெரியும், நல்ல நர்ஸ்கள்தான், ஆனால் பதிவு திரும்ப வரும்வரை நர்ஸாக ஒரு ஷிப்ட்கூடச் செய்ய முடியாது.

தொழில் பெயர் விஷயத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. நர்ஸ்களுக்கான பதிவுச் சட்டம் 1919லேயே வந்துவிட்டது, 1921இல் பதிவேடு திறந்தபோது முதல் பெயர் எத்தல் கோர்டன் ஃபென்விக் அம்மையாருடையது. சமூகப் பணியாளர் என்ற பெயருக்கு இங்கிலாந்தில் சட்டப் பாதுகாப்பு வந்தது 2005 ஏப்ரலில்தான். ஆனால் பதிவு இல்லாத ஒருவர் தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொண்டால் அது குற்றம். நர்ஸிங்கில் "பதிவு பெற்ற நர்ஸ்" என்பதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு, வெறும் "நர்ஸ்" என்ற சொல்லுக்கு இல்லை. அதையும் பாதுகாக்கப் போவதாக அரசு 2025இல்தான் அறிவித்தது. நூறு வருடப் பதிவேடு இருந்தும் இந்த ஓட்டை இத்தனை காலம் இருந்தது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. அக்கா தரப்பில் வேறு கஷ்டம், ஒழுங்குபடுத்தும் அமைப்பே மாறிக்கொண்டிருந்தது. முதலில் ஜெனரல் சோஷியல் கேர் கவுன்சில், 2012 ஆகஸ்டில் அது மூடப்பட்டு எச்.சி.பி.சி. (ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில்), பிறகு 2019 டிசம்பரில் சோஷியல் வொர்க் இங்கிலாந்து. மூன்று அமைப்பின் கடிதங்களையும் அக்கா ஒரே கோப்பில் வைத்திருக்கிறார். என்.எம்.சி. பிரிட்டன் முழுவதற்கும் ஒன்று. சமூகப் பணிக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு, எல்லை தாண்டி வேலைக்குப் போனால் அங்கே உள்ள பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வர நினைக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்கிறேன். நர்ஸ் என்றால் பாதை நீளமானது, ஆனால் தெளிவானது: ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, பிறகு ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற முதுகலைப் படிப்பை முடித்தவர்களுக்கு ஆஸ்கி மாதிரித் தேர்வு கிடையாது, உங்கள் படிப்பும் அனுபவமும் இங்குள்ள தரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று காகிதங்களை வைத்துப் பார்ப்பார்கள். இங்கே நர்ஸிங் பட்டத்துக்கு 4,600 மணி நேரம், அதில் பாதி களத்தில். சமூகப் பணிக்கு 200 நாள் களப் பயிற்சி. ஆகவே களப்பணி எத்தனை நாள், எங்கே, யார் மேற்பார்வையில், என்ன முடிவுகளில் உங்கள் பங்கு இருந்தது என்பதற்குக் கல்லூரியிலிருந்து எழுத்தில் வாங்கிவையுங்கள். இந்தியாவில் நர்ஸுக்கு மாநிலக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், அதை வைத்துச் சரிபார்க்கலாம். சமூகப் பணிக்கு அப்படி நெடுநாள் கவுன்சில் இல்லாததால் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் தன் வேலையைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நான் ஏ.எம்.எச்.பி., அதாவது அப்ரூவ்டு மென்டல் ஹெல்த் புரொஃபஷனல் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். மனநலச் சட்டத்தின் கீழ் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிக்கும் பொறுப்பு அது. 2008 வரை சமூகப் பணியாளர் மட்டுமே செய்ய முடிந்த வேலை, அதன் பிறகு நர்ஸ்களுக்கும் திறந்தது. பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தருவது சோஷியல் வொர்க் இங்கிலாந்து, என் பதிவு இருப்பது என்.எம்.சி.யில், அந்தப் பணிக்கு என்னை அங்கீகரிப்பது உள்ளாட்சி அமைப்பு. டாக்டர்கள் பரிந்துரை கையில் இருந்தாலும் முடிவு உங்களுடையது, மேலாளர் சொன்னார் என்று சொல்ல முடியாது. வகுப்பின் முதல் நாளே "ஏன்" என்று எழுதச் சொன்னார்கள். நேரம் போடுவதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து உடம்பு தேறியதும் மறுபடி அதே கேள்வி வந்தது, மறுபடி வீட்டுக்கே போகிறேன் என்றார். அவர் சம்மதத்தோடு மகளையும் கூப்பிட்டோம். அக்கா கேட்டார், நான் மடிக்கணினியில் அங்கேயே டைப் செய்தேன், 11.20க்கு ஆரம்பித்தது. தன் வீட்டுப் படிக்கட்டை நினைத்துப் பார்த்து, தரைத் தளத்தில் ஒரு வீடு என்றால் சரி என்றார், அலாரத்தையும் இந்த முறை ஏற்றுக்கொண்டார், சாவி மட்டும் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார். மகள் பயத்தைச் சொன்னார், அழுதார். முடியும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "போன முறை நான் சொன்னது எங்கேயும் இல்லை. இந்த முறை என்ன எழுதியிருக்கிறீர்கள்?" பெரியவர் தலையசைத்ததும் அந்தப் பகுதியை நான் சத்தமாக வாசித்தேன். "இரவில் அவர் விழுந்து கிடக்கும்போது போன் அடித்தால் யார் எடுப்பார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்ற அவருடைய வாக்கியம் அதில் அப்படியே இருந்தது.

"ஆமாம்," என்றார் மகள். "நான் சொன்னது இதுதான்."